துயர வேளையில் ஆறுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை துக்கத்தைப் பற்றியவை. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: சென்ற டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும், வழக்கம்போல் எங்கள் ஆலயத்தில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். என் கணவர் அப்போது டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். அவருக்காக நான் எடுத்த அட்டையில், "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்ற வசனம் இருந்தது. அதை லேமினேட் செய்து அவருடைய கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒட்டிவைத்தேன். ஜூன் மாதம் அவர் இறந்துபோனார். அடக்க ஆராதனையில் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று எல்லாரும் சொன்னபோது எனக்கு வாய் வரவில்லை. அட்டை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஆண்டவர் என்னை ஏமாற்றிவிட்டாரா? இப்படி நினைப்பது பாவமா?
— ஒரு வாசகி, நாசரேத்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அது பாவம் இல்லை. நீங்கள் மனத்துக்குள் கேட்பதை மார்த்தாள் ஆண்டவரின் முகத்துக்கு நேரேயே கேட்டாள். லாசரு நோயாய் இருக்கிறான் என்று ஆள் அனுப்பியும் இயேசு 2 நாள் தாமதித்து, அவனை அடக்கம்பண்ணிய பிறகுதான் பெத்தானியாவுக்கு வந்தார். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்றாள் மார்த்தாள். சற்று நேரத்தில் மரியாளும் வந்து அதே சொற்களைச் சொல்லி அழுதாள். அவர் வரக் காத்திருந்த நாட்களில் சகோதரிகள் இருவரும் தங்களுக்குள் எத்தனை முறை அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இயேசு அந்தக் குறையைக் கடிந்துகொள்ளவில்லை. மரியாள் அழுவதைக் கண்டு அவரும் கண்ணீர் விட்டார்.

சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை புலம்பல்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடுகின்றன. 88-ஆம் சங்கீதமோ கடைசி வரியிலும் திரும்புவதில்லை. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்பதோடு அது முடிந்துபோகிறது. அதற்குப் பின் ஸ்தோத்திரமும் இல்லை, துதியும் இல்லை. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. தேவனுடைய ஜனங்கள் தங்கள் ஜெபமாகப் பாடிய பாட்டுகளில் ஒன்றாகவே இருக்கிறது. வெளிச்சமே தெரியாத நாட்களிலும் கர்த்தரைப் பார்த்துத்தான் முறையிடுகிறான் அதைப் பாடியவன். நீங்கள் அடக்க ஆராதனையில் வாய் திறக்க முடியாமல் நின்றபோதும் அவர் சந்நிதியில்தான் நின்றீர்கள்.

இனி அந்த அட்டையைப் பற்றி. இந்த வழக்கத்தைக் குறித்து என் மனத்தில் இருப்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் குடியேறிய மொரேவிய சபையாருக்கு, 1728 முதல் ஒவ்வொரு நாளும் தியானிக்க ஒரு வசனத்தைக் கொடுக்கும் முறையை ஸின்ஸெண்டார்ஃப் பிரபு ஏற்படுத்தினார். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக அச்சாகி வருகிறது. அங்கும் சீட்டுப் போட்டுத்தான் வசனங்களை எடுக்கிறார்கள். ஆனால் அந்த வசனம் சபை முழுவதுக்கும் உரியது, ஒரு நாள் முழுவதும் மனத்தில் வைத்துத் தியானிப்பதற்கு உரியது. தனி ஒருவருக்கு அந்த ஆண்டில் என்ன நடக்கும் என்று அது சொல்வதில்லை. நம்மிடத்திலோ தட்டில் கைவிட்டு எடுப்பவர் ஒவ்வொருவரும் அதைத் தம் வீட்டுக்கு வந்த முன்னறிவிப்பாகவே எடுத்துப் போகிறார்கள். எல்லா அட்டையிலும் நன்மையே அச்சாகியிருப்பதால் அந்த எண்ணம் இன்னும் வலுப்படுகிறது. 88-ஆம் சங்கீதத்தின் வசனம் எந்தத் தட்டிலும் இருப்பதில்லை. உங்கள் கையில் கிடைத்ததை நீங்கள் நம்பியது இயல்பு. நோயாளி இருக்கும் வீட்டில் வேறு எப்படி நம்புவார்கள்? ஆனால் உங்கள் கணவர் இத்தனை மாதம் இருப்பார் என்று ஆண்டவர் அந்த அட்டையில் எழுதித் தரவில்லை. அட்டையைத் தட்டில் வைத்தவர்கள் மனிதர்கள்.

வசனம் வேறு, அட்டை வேறு. அந்த வசனம் 118-ஆம் சங்கீதத்தில் 17-ஆவது. யூதர்கள் பஸ்கா விருந்தின் முடிவில் பாடும் துதிப்பாடல்களில் அந்தச் சங்கீதமே கடைசி. இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில், விருந்து முடிந்து, "அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு" ஒலிவமலைக்குப் புறப்பட்டுப் போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். அன்று பாடியது இந்தச் சங்கீதத் தொகுதியையே என்று வேத அறிஞர் பலரும் கொள்கிறார்கள். அப்படியானால், "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்ற அதே வரியை ஆண்டவர் தம் வாயால் பாடிவிட்டுக் கெத்செமனேக்கு நடந்துபோனார். மறுநாள் பிற்பகலில் சிலுவையில் மரித்தார். பாடின வரி பொய்த்துவிட்டது என்றே அந்த வெள்ளியும் சனியும் சீஷர்களுக்குத் தோன்றியிருக்கும். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் வசனத்தை ஆண்டவரே சாவுக்கு முந்தின இரவில் பாடியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அது மரணத்துக்கு இப்புறத்தில் மட்டும் நிறைவேறிவிடும் வரி அல்ல என்பதை உயிர்த்தெழுந்த ஞாயிறு காட்டிற்று. உங்கள் கணவர் விஷயத்திலும் அதன் கணக்கு ஜூன் மாதத்தோடு முடிந்துவிடவில்லை என்று நான் முழு மனத்தோடு நம்புகிறேன். நீங்கள் இன்று அதை நம்ப முடியாவிட்டால் அவசரம் இல்லை. உங்களுக்காக நாங்கள் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்ட்டின் லூதருக்கு இந்த 118-ஆம் சங்கீதம் உயிர். 1530-ஆம் ஆண்டு அவர் கோபர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது, இதே 17-ஆம் வசனத்தைத் தம் அறைச் சுவரில் எழுதிவைத்திருந்தார். அதே கோட்டையில் இருக்கும்போதுதான் தகப்பனார் இறந்த செய்தி கடிதத்தில் வந்தது. அவர் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், மறுநாள் தலை கனக்கும் அளவுக்கு அழுதார் என்று உடன் இருந்தவர் எழுதியிருக்கிறார். 12 ஆண்டுகளுக்குப் பிறகு, 1542-இல், அவருடைய மகள் மாக்டலேனா 13 வயதில் அவர் கைகளிலேயே இறந்தாள். அவள் பரலோகம் சென்றதற்காகத் தாமும் மனைவியும் நன்றி சொல்ல வேண்டியவர்கள்தாம் என்றும், ஆனால் பெற்ற பாசம் அழாமல் இருக்க விடவில்லை என்றும் நண்பருக்கு எழுதினார். சுவரில் வசனத்தை எழுதிய அதே மனிதர்தாம் அப்படி அழுதவர். விசுவாசிகள் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள்.

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பதைப் பற்றியும் ஒன்று. அதை யோபு தன் சொந்த இழப்பைக் குறித்துத் தானே சொன்னான். வேறு யாரும் வந்து அவனிடம் சொல்லவில்லை. அவனே மூன்றாம் அதிகாரத்தில், தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டது, வாய்விட்டுக் கதறிய யோபின்மேல் அல்ல, அவனுக்குப் போதித்த நண்பர்கள்மேல்தான். ஆகையால் அந்த வசனம் உங்கள் வாயில் வரும் நாளில் வரட்டும்.

அட்டையை எடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி கடிதத்தில் தொக்கி நிற்கிறது. நீங்களாக எடுக்கும் வரையில் அது இருக்கட்டும், வேறு யாரும் அதில் கை வைக்க வேண்டாம். இரவில் தனியாக இருக்கும்போது 88-ஐயும், பிறகு ஒரு நாள் 56-ஐயும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" என்று அதில் ஒரு வரி உண்டு. ஜெபிக்கச் சொற்கள் வராத நாட்களில் அந்த ஒரு வரி போதும்.

கேள்வி: தொழிலில் நஷ்டப்பட்டுக் கடனில் இருக்கிறேன். பல மாதங்களாக உறக்கம் இல்லை. மருத்துவர் இது மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். எங்கள் ஜெபக்குழுத் தலைவரோ, மாத்திரையை நம்புவது அவிசுவாசம், நிறுத்திவிட்டு உபவாசம் இரு என்கிறார். சில நாள் உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: சகோதரரே, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுவதை இன்றே உங்கள் மனைவியிடமோ நெருங்கிய ஒருவரிடமோ, உங்கள் மருத்துவரிடமோ சொல்லிவிடுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்; தமிழிலும் பேசுவார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நிலைமை மோசமாகலாம். கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. உறக்கமும் இல்லாமல் உணவும் இல்லாமல் உபவாசம் இருப்பது உங்கள் இப்போதைய நிலையில் கூடவே கூடாது.

எலியாவின் கதையை அந்தத் தலைவரும் அறிந்திருப்பார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்டவன், மிக விரைவில் வனாந்தரத்துக்கு ஓடிப்போய், ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சாகக் கேட்டான். அவனைவிட விசுவாசம் நிறைந்தவர் யார்? தேவன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அவனை உறங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பியபோது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். மறுபடியும் தூதன் எழுப்பினான்: "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." உறக்கம், உணவு, மீண்டும் உறக்கம், மீண்டும் உணவு, பிறகுதான் ஓரேபில் தேவனுடைய மெல்லிய சத்தம். இந்த வரிசையை நாம் மாற்றக் கூடாது.

எசேக்கியா ராஜாவுக்கு 15 ஆண்டு ஆயுள் கூட்டித் தந்த பிறகும் அவனுடைய பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா. பவுலோடு கடைசிவரை இருந்த லூக்கா ஒரு வைத்தியர். 1900-இல் மருத்துவ மிஷனரி ஐடா ஸ்கடர் வேலூரில் சிகிச்சையைத் தொடங்கியது ஜெபத்துக்கு எதிராக அல்ல, ஜெபத்தின் விளைவாகவே. அதிலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இன்று பாகாயத்தில் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறுவது அதன் சிறப்பு. சபை கட்டிய மருத்துவமனையில் சபையாரே மாத்திரை வாங்கிக் குடிப்பது அவிசுவாசம் என்று எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தின் கவிஞர் வில்லியம் கூப்பர் வாழ்நாள் முழுவதும் கடும் மனச்சோர்வில் கிடந்தவர். பலமுறை உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தவர். 1773-இல் நோய் முற்றியபோது, போதகர் ஜான் நியூட்டன் அவரை ஆல்னியில் இருந்த தம் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பர் எழுதிய பாடல்கள் நம் பாமாலையிலும் இருக்கின்றன; ஞாயிறுதோறும் நாம் பாடும் ஆறுதலில் ஒரு பகுதி இப்படிப்பட்டவரிடமிருந்து வந்தது. நோய் அவரை விடவும் இல்லை, நியூட்டன் அவரைக் கைவிடவும் இல்லை. உங்களுக்கும் ஒரு நியூட்டன் வேண்டும். அந்த ஜெபக்குழுவில் அப்படி ஒருவர் இல்லையென்றால் வேறு சபையில் தேடுங்கள்.

கடனைப் பற்றி ஒரு சொல். யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, வீட்டாருக்கு மறைக்காமல் காட்டுங்கள். கந்துவட்டிக்காரர் மிரட்டினால், 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தின்படி காவல்துறையில் புகார் செய்யலாம். தனியே போகாமல் ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன். பக்கவாதம் வந்து 2 ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறேன். மருமகள் என்னைத் துடைத்து உடை மாற்றும்போது கூனிக்குறுகிப் போகிறேன். ஞாயிறுபள்ளியில் 30 ஆண்டு பாடம் நடத்தியவன் இன்று யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறேன்.
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ஐயா, உங்களுக்கு அருகிலேயே, களக்காட்டை அடுத்த டோனாவூரில் இருந்தவர் ஏமி கார்மைக்கேல். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் அபாயத்திலிருந்த பிள்ளைகளை மீட்டு வளர்த்தவர். ஒரு நாள்கூட ஓயாத கால்கள் அவருடையவை. 1931 அக்டோபரில், களக்காட்டில், இருட்டில் ஒரு குழியில் விழுந்து கால் ஒடிந்தது. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்று எண்ணியவர், 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்த அறையையும் கட்டிலையும் விட்டு அதிகம் நகரவில்லை. நோயாளிகளுக்கென்று அனுப்பப்படும் ஆறுதல் புத்தகங்கள் எல்லாம் நலமாய் இருப்பவர்கள் எழுதியவை, அவை படுத்திருப்பவரைத் தொடுவதில்லை என்று கண்டு, படுத்திருப்பவராகவே படுத்திருப்பவர்களுக்கு எழுதத் தொடங்கினார். வலி குறைந்துவிட்டது என்று எங்கும் சொல்லவில்லை. எழுத முடியாத நாட்களும் அவருக்கு இருந்தன.

நீங்கள் எழுத வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரன் ஒருவனை நாலுபேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" அவனிடம் பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். சுமக்கப்படுவதற்கும் அவர் சமுகத்தில் இடம் இருக்கிறது. உங்கள் மருமகளிடம் வெட்கத்தை மறைத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், "நன்றி, மகளே" என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள்; அவளும் களைத்திருப்பாள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதையும் பிசியோதெரபியையும் விடாதிருக்கச் சொல்லுங்கள். 30 ஆண்டு ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளின் பெயர்களில் உங்களுக்கு நினைவிருப்பவற்றை ஒரு நாளைக்குச் சிலவாகச் சொல்லி ஜெபியுங்கள். அவர்களில் எத்தனை பேருக்கு வேறு யாரும் ஜெபிப்பதில்லையோ தெரியாது.

கேள்வி: 2017 நவம்பரில் ஒக்கி புயலில் கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளன்று எல்லாரும் தங்கள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றிப் பூ வைக்கும்போது நாங்கள் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறோம். அம்மா இன்றுவரை அப்பாவின் கைபேசி எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார்.
— ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டக் கடலோரம்

பதில்: மகளே, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை வாசித்த பிறகு நெடுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் எத்தனை வீடுகளில் இப்படிக் காத்திருந்தார்கள் என்பதை அந்தக் கடற்கரை அறியும். உடலைக் கண்டு, மண் போட்டு, கல்லறையில் கை வைத்து அழுபவர்களின் துக்கத்துக்கு ஓர் எல்லை வரையப்படுகிறது. உங்களுக்கு அந்த எல்லையும் மறுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் அம்மா ரீசார்ஜ் செய்வதைத் தடுக்க வேண்டாம். அது மனக்கோளாறு அல்ல. ஒரு மனைவியின் விசுவாசம் தனக்குத் தெரிந்த வழியில் செய்யும் செயல். அவராக நிறுத்தும் நாள் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் அவர் சாப்பிடாமல், உறங்காமல், வெளியே வராமல் இருந்தால் அதற்கு உதவி தேவை. அப்போது தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கல்லறை இல்லாதவர் வேதத்திலும் உண்டு. மோசே மோவாப் தேசத்தில் மரித்தபோது கர்த்தரே அவனை அடக்கம்பண்ணினார் என்றும், இந்நாள்வரைக்கும் ஒருவனும் அவன் பிரேதக்குழியை அறியான் என்றும் உபாகமம் சொல்கிறது. இஸ்ரவேல் ஜனங்கள் 30 நாள் துக்கங்கொண்டாடினார்கள், கையில் ஒரு பிடி மண் இல்லாமலே. அவனைக் கிடத்திய இடம் கர்த்தர் ஒருவருக்கே தெரியும். உங்கள் அப்பாவைப் பற்றியும் இதைச் சொல்ல எனக்குத் துணிவு இருக்கிறது. "சமுத்திரத்தின் கடையாந்தரங்களிலே போய்த் தங்கினாலும், அங்கேயும் உமது கை என்னை நடத்தும், உமது வலதுகரம் என்னைப் பிடிக்கும்" என்று 139-ஆம் சங்கீதம் பாடுகிறது. கடலில் தொழில் செய்தவரின் மகளுக்கு இந்த வரியின் பாரம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடலில் இறந்தவர்களுக்கென்று சபை தனியாகவே ஜெபம் வைத்திருக்கிறது. 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில், கப்பலில் இறந்தவரின் உடலைக் கடலில் இறக்கும்போது சொல்வதற்கான வாசகத்தில், கடல் தன் மரித்தோரை ஒப்புவிக்கும் நாளை எதிர்பார்ப்பதாக வருகிறது. "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்று வெளிப்படுத்தின விசேஷத்தின் 20-ஆம் அதிகாரம் கண்ட காட்சியிலிருந்து எடுத்தது அது. மண்ணில் கிடப்பவர்களைப் போலவே கடலில் கிடப்பவர்களும் எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

வரும் நவம்பர் 2-ஆம் தேதிக்கு முன்பே உங்கள் பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். உங்கள் குடும்பக் கல்லறையில் தாத்தா பாட்டியின் பெயருக்குக் கீழே அப்பாவின் பெயரையும் அந்தப் புயல் நாளையும் பொறிக்க இடம் கேளுங்கள். அப்படி ஒரு கல் இல்லாவிட்டால் கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவையடியில் மெழுகுதிரி ஏற்றலாம். திருப்பலியில் அவர் பெயரைச் சொல்லச் செய்யலாம். திரும்பாத மற்றக் குடும்பத்தாரையும் சேர்த்து அழைத்துப் போனால், அந்தக் கூட்டத்தில் யாரும் உங்களிடம் எதையும் விளக்கிச் சொல்லத் தேவை இருக்காது. அம்மா பெயர் பொறிக்க இசையவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். பெயர் பொறிப்பது அவருக்குக் கதவை அடைப்பதாகத் தோன்றலாம். மெழுகுதிரியை மட்டும் ஏற்றிவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் அலுவலக நண்பரின் 4 வயதுக் குழந்தை காய்ச்சலில் இறந்துவிட்டது. அடக்கத்துக்குப் போனேன், பிறகு போகப் பயமாக இருக்கிறது. என்ன வசனம் சொல்லி ஆறுதல்படுத்துவது?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: வசனம் எதுவும் கொண்டுபோக வேண்டாம், தம்பி. யோபின் நண்பர்கள் 7 நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் அதுவே நல்லது. வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "தேவனுக்கு ஒரு பூ தேவைப்பட்டது", "சின்ன வயதுதானே, இன்னொன்று பிறக்கும்", "அழாதே, சாட்சி கெட்டுப்போகும்" — இவற்றை வேறு யாராவது சொல்லும்போதும் பேச்சை மாற்றிவிடுங்கள். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்றுதான் பவுல் ரோமருக்கு எழுதினார். அழுகையை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை.

குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் துக்கம் கிளறப்படுமே என்று எல்லாரும் தவிர்ப்பதால், சில வாரங்களில் அந்த வீட்டில் யாருமே அந்தப் பெயரைச் சொல்லாமல் போய்விடுகிறார்கள். பெற்றோருக்கு அது இரண்டாவது இழப்பு. குழந்தை என்ன பாட்டுப் பாடும், எந்தத் தின்பண்டத்தைக் கேட்டு அடம்பிடிக்கும் என்று கேளுங்கள். அவர்கள் பேசத் தொடங்கினால் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். மனைவியைத் தனியே விட்டுவிட்டு ஆண்கள் வெளித் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும் வழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண்மணியையும் அழைத்துப் போங்கள்.

செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் நடந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள், வீட்டில் என்றால் குடும்பத்தார்தான் அறிவிக்க வேண்டும். சான்றிதழில் குழந்தையின் பெயரும் பெற்றோர் பெயரும் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்தத் தகப்பனை மாநகராட்சி அலுவலக வரிசையில் நிற்க விடாதீர்கள். நீங்கள் போய் நில்லுங்கள். எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தால், பள்ளியில் விவரம் சொல்லி, அந்தப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கிவரும் வேலையும் ஒருவர் செய்தாக வேண்டும். வாங்கி வந்ததை உடனே கொடுக்காமல், எப்போது கொடுக்கலாம் என்று கேட்டுக் கொடுங்கள்.

முதல் வாரத்தில் சாப்பாடு கொண்டுவர ஆட்கள் நிறைய இருப்பார்கள். நீங்கள் நாற்பதாம் நாளுக்குப் பிறகு போங்கள். அந்தக் குழந்தையின் பிறந்த நாளை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு அன்று போங்கள். டிசம்பரில் சபையார் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வரும்போது அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடாமல், முன்னதாகவே நீங்கள் போய், "உள்ளே வரட்டுமா, வேண்டாமா" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் பாட்டில்லாமல் நீங்கள் மட்டும் உள்ளே போய் உட்காருங்கள். அவர்கள் அந்த ஆண்டு நட்சத்திரம் கட்டவில்லையென்றால் ஏன் என்று கேட்க வேண்டாம். பெத்லகேமில் பிள்ளைகளைக் கொன்றபோது, "ஆறுதலடையாதிருக்கிறாள்" என்று ராகேலைப் பற்றி மத்தேயு எழுதியது கிறிஸ்து பிறப்பின் வரலாற்றுக்கு உள்ளேயேதான்.

தாய் உங்களிடம், "ஏன் என் பிள்ளை?" என்று கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். பயப்படாமல் இந்த வாரமே போங்கள்.